சப்ளாஸ்

கோட்டுச்சேரி கடைத்தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கி, "சைக்கிள் வீடு எது?" என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார்கள். சைக்கிள் கடை என்று கேட்டுவிடாதீர்கள். கடை வைத்தவன் எத்தனையோ பேர். குடியிருக்கிற வீட்டுக் கூடத்தையே பட்டறையாக்கி, அதே கூடத்தில் பெண்ணுக்குத் தட்டு மாற்றியவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தன்தான். எனக்குப் படிப்பு மூன்றாவதோடு சரி. ஒரு காற்றடிக்கிற பம்பும் ஒரு கிழிந்த சாக்குமாக ரோட்டோர மரத்தடியில் உட்கார்ந்தவன். இன்றைக்குக் காரில் வந்து இறங்குகிறவர்கள்கூட டிக்கியைத் திறந்து பிள்ளையின் கியர் சைக்கிளை இறக்கிவைத்து, "நீங்க கை வச்சாத்தாங்க சரியா வரும்" என்று நிற்கிறார்கள்.

எல்லாம் என் உழைப்பு. அதில் யாருக்கும் பங்கு கிடையாது, ஒரே ஒருத்தரைத் தவிர.

அவருக்கு ஒரு பேர் இருந்தது. அது தபால்காரருக்குத் தெரியும். எங்களுக்கு அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பினவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். எங்கள் தெருவில் அவர் ஒருத்தர்தான் சொல்தா என்பதால் பேர் தேவைப்படவில்லை. எனக்கு நேர் எதிர் வீடு. முழங்கால் தொடுகிற காக்கிக் கால்சட்டை, தலையில் ஒரு பக்கமாகச் சரிந்த கறுப்புத் துணித் தொப்பி. அந்தத் தொப்பி இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். பட்டாளத்தில் அவருக்கு வேலை வண்டி ரிப்பேர் கொட்டகையில், சாமான் அறையைப் பார்த்துக்கொள்வது. "ஸ்பேனரைத் தேடிக்கிட்டு நின்னவன் எந்தச் சண்டையிலயும் ஜெயிச்சதில்லப்பா" என்பார். எந்தச் சண்டை என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

எந்தப் பொருளும் அதன் இடத்தில் இல்லாவிட்டால் அந்த மனிதருக்கு உடம்பே சரியில்லாமல் போய்விடும். நான் மிகைப்படுத்தவில்லை. தெருவில் ஒரு சாவு விழுந்தது. எல்லோரும் உள்ளே அழுதுகொண்டிருக்க, இவர் வாசலில் குனிந்து செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை, குழந்தைகள் வரிசை. செத்துப்போனவரின் மச்சினன் கோபமாக வந்து, "என்னங்க இது, எழவு வீட்டுல?" என்றான். "பாடியை எடுக்கறப்போ ஆளாளுக்குச் செருப்பைத் தேடி முட்டிக்குவீங்க. அப்ப என்னை நெனச்சுப்பீங்க" என்றார். அப்படியேதான் நடந்தது. அந்த ஊர்வலத்தைப் போல முட்டல் மோதல் இல்லாமல் கிளம்பின ஊர்வலத்தை நான் பார்த்ததில்லை.

கல்யாணப் பந்தியில் ஊறுகாயை இலையின் தப்பான மூலையில் வைத்தால், பரிமாறுகிறவன் கையைப் பிடித்து நிறுத்தி, எடுத்துச் சரியான மூலையில் வைக்கச் சொல்வார். மாதா கோவிலில் பூசை முடிந்ததும் சாமியாருக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னால் பெஞ்சுகளை நேராக்குவார். அவர் வீட்டுச் சமையலறையில் ஆணியில் ஒரு பீங்கான் கோப்பை தொங்கும். அவர் சம்சாரம் இருந்தபோது காபி குடித்தது. ஒரு நாள் தாகம் என்று நான் அதை எடுக்கப்போனேன். "அதை விடுப்பா. அது அவ எடம்" என்றார். குரலே வேறாக இருந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட ஆளுக்கு எதிர் வீடாக என் வீடு. நினைத்துப் பாருங்கள்.

ரோடு அகலப்படுத்த வந்தவர்கள் என் மரத்தடியை எடுத்துக்கொண்டதும் நான் தொழிலை வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தேன். ரிப்பேர் மட்டும் என்றால் பரவாயில்லை. கிளிஞ்சல்மேடு, மண்டபத்தூரிலிருந்து சைக்கிளில் வந்து இங்கே பஸ் பிடிக்கிறவர்கள், வண்டியை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். காலையில் விட்டுச் சாயங்காலம் எடுப்பவர்கள், வாரம் ஒரு முறை வருகிறவர்கள், சவுதிக்குப் போகிற அன்றைக்கு விட்டுவிட்டு, "பாத்துக்கங்க மாமா, வந்து எடுத்துக்கறேன்" என்று போனவர்கள். எல்லா வண்டியும் கூடத்தில். ஒன்றின் ஹாண்டில்பார் இன்னொன்றின் சக்கரத்துக்குள். அடியில் இருக்கிறதை எடுக்க, மேலே இருக்கிறதையெல்லாம் வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்பேனர் ஒரு நாள் அரிசிப் பானையில் கிடைத்தது. சைக்கிள் பால்ரஸ் குழம்புக் கரண்டியில் வந்தது. என் சம்சாரம் சரோஜா அதைத் தட்டில் போட்டு அப்படியே எனக்கு நீட்டினாள். "கடிச்சுச் சாப்பிடுங்க. நீங்க சம்பாரிச்சதுதானே."

சொல்தா என் வீட்டுக்கு வந்தால் வாசல்படியில் நின்றபடியே பேசுவார். உள்ளே வாங்க என்றால், "உள்ள எங்கப்பா எடம்?" என்பார். ஒரு நாள் ஜன்னல் கட்டையில் நான் விட்டிருந்த அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைக் காணோம். தெருவெல்லாம் தேடினேன். மூன்றாம் வீட்டில் விசாரித்து, நாலாம் வீட்டில் சண்டை போட்டு வந்தால், அவர் தன் வாசலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "எங்கிட்டத்தான் இருக்கு. அதுக்கு ஒரு எடம் காட்டு, குடுக்கறேன்."

"எங்க வீட்டு சாமானை எடுக்க நீங்க யாருங்க?" என்று கத்தினேன்.

"ஜன்னல்ல கெடந்துச்சு. ஜன்னல்ல ஸ்பேனருக்கு என்ன வேலை?"

அன்றிலிருந்து பேச்சு நின்றது. நானும் சாமான்யப்பட்டவன் இல்லை. அவர் எதிரே வந்தால் பீடியைப் பற்றவைக்கக் குனிந்துகொள்வேன்.

அப்போதுதான் என் பெண் செல்விக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் வந்தவர்கள் திருநள்ளாற்றுப் பக்கம். மாப்பிள்ளையின் அம்மா பட்டுப் புடவையில் வாசலுக்குள் காலை வைத்தார்கள். தோள் ஒரு ஹாண்டில்பாரில் பட்டது. அது சாய்ந்தது. அது சாய அடுத்தது சாய்ந்தது, அடுத்தது, அடுத்தது. கூடத்தின் அந்தக் கோடி வரைக்கும் சத்தம் போய், கடைசி சைக்கிள் சாமி படத்தில் போய் நின்றது. அந்த அம்மா திரும்பினபோது பட்டு முந்தானையில் செயின் கிரீஸ் ஒரு முழத்துக்கு ஓடியிருந்தது. காபிகூடக் குடிக்கவில்லை.

அவர்கள் போனதும் சரோஜா அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். நிதானமாகச் சொன்னாள்: "இந்தாங்க, கேட்டுக்குங்க. அடுத்து நெடுங்காட்டுலேருந்து வர்றாங்க. அன்னிக்கு இந்தக் கூடத்துல ஒரு சைக்கிள் நின்னாலும், பொண்ணை அழைச்சிக்கிட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அவளுக்குக் கல்யாணம் அங்கேருந்துதான்."

என் மச்சான் வீட்டிலிருந்து என் பெண்ணுக்குக் கல்யாணம்! தானாக எழுந்து நின்ற மனுஷனுக்கு இதைவிட ஒரு செருப்படி உண்டா? சைக்கிள்களை வெளியே போடவும் முடியாது. அவை என்னுடையவை இல்லை. நம்பி விட்டுவிட்டுப் போனவர்களுடையவை. மழைக்காலம் வேறு. கூடத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

எதிர் வாசலிலிருந்து சொல்தா எழுந்து வந்தார். சரோஜா பேசினது தெருவுக்கே கேட்டிருக்கும். படியில் நின்று கூடத்தை நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வீடு பழைய கட்டு. உத்தரம் உயரத்தில் ஓடும்.

"ஒரு சைக்கிள் நின்னாலும்னுதானே சொன்னாங்க?"

கையை உயர்த்தி உத்தரத்தைக் காட்டினார்.

"நிக்கக் கூடாது. தொங்கலாமுல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து, "உள்ள வாங்க" என்றேன். அன்றைக்குத்தான் அந்த மனிதர் முதல் தடவையாக என் வீட்டுக்குள் காலை வைத்தார். கையில் என் ஸ்பேனர் இருந்தது.

அந்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாடு! காரைக்கால்மேட்டுக்குப் போய், உடைக்கப்போட்டிருந்த ஒரு பழைய விசைப்படகின் பலகையை நானே பேசி வாங்கிவந்தேன். கப்பியும் வலைக்கயிறும் அங்கேயே கிடைத்தன. உத்தரத்தில் கொக்கி அடித்தோம். முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் வண்டி தானாக மேலே போகும். அவர் கணக்கு இது: "தினம் போறது கதவோரம், சுவத்துல. வாரம் போறது அதுக்கு மேல. சவுதிக்குப் போனது உத்தரத்துல." ஒரு சைக்கிளின் ஹாண்டில்பார் இடப்பக்கம் என்றால் அடுத்தது வலப்பக்கம். அப்போதுதான் ஒன்றோடொன்று இடிக்காது, இரண்டு வண்டி இடத்தில் மூன்று தொங்கும். இது நான் கண்டுபிடித்தது. அவர் தான்தான் சொன்னதாகச் சொல்வார். இருக்கட்டும்.

படகுப் பலகையைச் சுவரில் நிறுத்தி, ஒவ்வொரு சாமானையும் அதன் மேல் வைத்து, வெள்ளைப் பெயிண்டில் அதன் உருவத்தைச் சுற்றி வரைந்தார். ஸ்பேனர் எடுத்தால் ஸ்பேனரின் நிழல் வெள்ளையாகத் தெரியும். எது இல்லையென்று பலகையே சொல்லிவிடும். எல்லாம் மாட்டி முடித்து, நான் ஒரு சுத்தியலை எடுத்து வேலை பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். அவர் பலகையைக் காட்டிச் சத்தம் போட்டார்:

"அ ஸா ப்ளாஸ்!"

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. 'அ! சப்ளாஸ்!' என்று காதில் விழுந்தது. அ என்றால் நமக்கு 'அந்த' அல்லவா? அப்பேர்ப்பட்ட பலகைக்குச் சப்ளாஸ் என்று பேர் போலிருக்கிறது என்று பிடித்துக்கொண்டேன். "ஏ செல்வி, சப்ளாஸ்ல ஒரு துணி மாட்டி வைம்மா" என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது. பிரெஞ்சுக்காரன் ஒழுங்கு என் வாயில் வந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் திருப்தி. அன்றிலிருந்து செல்வி சொன்னாள், சரோஜா சொன்னாள், கிளிஞ்சல்மேட்டு ஆட்கள் சொன்னார்கள்: "மாமா, பம்பு சப்ளாஸ்லயா இருக்கு?"

தன் தொப்பிக்கும் பலகையின் வலது கோடியில் ஒரு ஆணி அடித்து, வட்டம் போட்டுக்கொண்டார். "எனக்கும் ஒரு எடம் வேணுமுல்ல?" உள்ளே வந்ததும் முதலில் தொப்பி அங்கே போகும். பிறகுதான் பேச்சு.

அதோடு விட்டாரா? சாயங்காலமானால் துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டிவிடுவார். "பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடு. ம். வை. லீவர் எடு." நான் தடவுவேன். செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "சிரிக்கிறியா? வா" என்று அவள் கண்ணையும் கட்டினார். அவள் நடந்துபோய், கை நீட்டி, கேட்டதை எடுத்தாள். தப்பில்லை. மறுபடி கேட்டார். மறுபடி எடுத்தாள். "உங்கப்பனை விட நீ தேவலைம்மா" என்றார். என் ரத்தம் அல்லவா, எப்படித் தப்பும்?

நெடுங்காட்டுக்காரர்கள் வந்த அன்றைக்குப் பகலிலேயே மேகம் கட்டி, விளக்குப் போட்டால்தான் முகம் தெரியும் என்கிற மாதிரி இருந்தது. கூடம் கல்யாண மண்டபம் போலக் காலியாக, பெருக்கிக் கோலம் போட்டிருந்தது. ஒரு சைக்கிள்கூட நிற்கவில்லை. அத்தனையும் சுவரிலும் தலைக்கு மேலேயும். மாப்பிள்ளையின் அப்பா பெரிய விவசாயி, பெரிய உடம்பு, பெரிய மீசை. உட்கார்ந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க இது, வௌவால் மாதிரி தொங்குது? தலையில விழுமா?"

"விழாதுங்க" என்றேன்.

"நாங்க பொண்ணு பாக்க வந்தோமா, வண்டி பாக்க வந்தோமா?" என்று தன் சம்சாரத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். திருநள்ளாற்றுக் கதை நெடுங்காடு வரைக்கும் போயிருக்கிறது! அடுக்களை வாசலில் சரோஜாவின் முகம் வெளுத்துவிட்டது. தெருப் பெரியவர் என்று கூப்பிட்டிருந்த சொல்தா மூலையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"கொல்லைப் பக்கம் போய்ட்டு வந்துர்றேன்" என்று மீசைக்காரர் எழுந்தார். போனார். கக்கூஸ் கதவைச் சாத்தினார். கரண்டு போய்விட்டது.

முதலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கொல்லையிலிருந்து தட்டுகிற சத்தம். "யாருங்க அங்க? தாப்பா வரமாட்டேங்குது!"

கடல் உப்புக் காற்றில் அந்தத் தாழ்ப்பாள் எப்போதும் கொஞ்சம் பிடிக்கும். நாங்கள் தூக்கி இழுப்போம். அவர் பலத்துக்கு ஒரே இழுப்பாக இழுத்து அதை வளைத்துவிட்டார். உள்ளே கும்மிருட்டு. ஜன்னலும் கிடையாது.

"திறங்கய்யா! மூச்சு முட்டுது!"

அந்த அம்மா, "ஐயோ, அவருக்கு நெஞ்சு படபடப்பு உண்டுங்க!" என்று எழுந்து சுவரில் மோதினார்கள். மாப்பிள்ளை கொல்லைக்கு ஓடி, கதவைத் தோளால் இடித்தான். வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு அது. இடித்தால் இன்னும் இறுகும். சரோஜா தீப்பெட்டியைத் தேடினாள். நான், இந்த ஊரே கேட்டு வருகிற மெக்கானிக், இருட்டில் என் வேட்டியை நானே மிதித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் போச்சு, மச்சான் வீடுதான் என்று மனசு சொன்னது.

மூலையிலிருந்து சொல்தாவின் குரல் மட்டும் வந்தது. "செல்வி. கீல் வெளிப்பக்கம்தானே இருக்கு?"

"ஆமாங்க தாத்தா" என்றாள் செல்வி. காபித் தட்டு மெதுவாக மேஜையில் உட்காருகிற சத்தம் கேட்டது. பட்டுப்புடவை சரசரத்துக்கொண்டு கூடத்தைத் தாண்டிப் போனது. எதிலும் இடிக்கவில்லை. சப்ளாஸில் இரும்பு லேசாக உரசுகிற சத்தம், அவ்வளவுதான். ஆள் கொல்லைக்குப் போய்விட்டாள். பெடல் கழற்றும்போது காட்டர் பின்னைத் தட்டி எடுக்க ஒரு சின்ன இரும்புக் குச்சி வைத்திருப்போம். அதையும் சுத்தியலையும் எடுத்திருக்கிறாள். கீலின் அடியில் குச்சியை வைத்து, கீழேயிருந்து மேலே தட்டினாள். டக், டக். ஆணி கழன்றது. அடுத்த கீல். டக், டக்.

"கொஞ்சம் பின்னால தள்ளி நில்லுங்க!" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். அந்தக் குரலில் நடுக்கம் உண்டா? என் பெண்ணாயிற்றே! மாப்பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டான். கீல் பக்கமாக இழுத்து, கதவையே பெயர்த்து வைத்தார்கள்.

மீசைக்காரர் வேர்த்து வழிந்துகொண்டு வெளியே வந்தார். வானத்து வெளிச்சத்தில் முதலில் பார்த்தது என் பெண்ணை. கையில் சுத்தியல், தலையில் மல்லிகைப் பூ.

"இந்த இருட்டுல சுத்தியலை எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"சப்ளாஸ்ல இருந்துச்சு மாமா" என்றாள்.

மாமா! இன்னும் பூ வைக்கவில்லை, தட்டு மாற்றவில்லை, ஜாதகம்கூட முழுதாகப் பேசவில்லை. வாயில் வந்துவிட்டது. சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். சரோஜா என் கையைக் கிள்ளினாள். மீசைக்காரர் முகத்து வேர்வையைத் துண்டால் துடைத்தார். பிறகு கொல்லையே அதிரச் சிரித்தார்.

"கேட்டியாடி?" என்று சம்சாரத்தைக் கூப்பிட்டார். "மருமக மாமான்னு கூப்ட்டாச்சு. இனி நாம என்ன பேசறது? தட்டை எடு."

அந்த அம்மா வந்து செல்வியின் முகத்தைத் தடவினார்கள். கிரீஸ் கை என்று செல்வி பின்வாங்கினாள். "பரவாயில்லம்மா" என்று அந்தக் கையையே பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பட்டில் கறை பட்டதா என்று நான் பார்த்தேன். பட்டது. அவர்கள் பார்க்கவே இல்லை.

கரண்டு வந்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருக்க, சொல்தா கொல்லை வாசலில் வந்து நின்றார். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. செல்வி கீழே போட்டிருந்த சுத்தியலைப் பார்த்தார்.

"அ ஸா ப்ளாஸ்!"

மாப்பிள்ளைக்கு என்ன புரிந்ததோ, சட்டென்று குனிந்து சுத்தியலை எடுத்து, கூடத்துக்குப் போய், பலகையில் சுத்தியல் நிழலைத் தேடி மாட்டினான். நேராகத்தான் மாட்டினான். சொல்தா என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். "பையன் தேறுவான்."

அதே கூடத்தில், தொங்குகிற சைக்கிள்களுக்குக் கீழே, தட்டு மாற்றினோம். கல்யாணமும் என் வீட்டிலிருந்துதான். என் மச்சான் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். கல்யாணச் சாப்பாடு முடிந்து அவன் கைகழுவுகிறவரை நான் அவன் பக்கத்திலேயே நின்றேன். அவனுக்கு எல்லாம் நன்றாகத் தெரிய வேண்டும் அல்லவா?

சொல்தா அதற்கப்புறம் நிறைய நாள் இருந்தார். கடைசி வரைக்கும் தினம் ஒரு நடை வந்து, தொப்பியை மாட்டி, பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். அவர் உடலை மாதா கோவிலுக்கு எடுத்துப்போன அன்றைக்கு வாசலில் செருப்புகளை ஜோடி சேர்த்தவன் நான். ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை, குழந்தைகள் வரிசை. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

காரியமெல்லாம் முடிந்ததும் பாரிஸிலிருந்து வந்திருந்த அவர் மகன் என் வீட்டுக்கு வந்தார். கையில் அந்தத் தொப்பி. வீட்டைக் காலி செய்கிறோம், இதை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார். நான் பலகையைக் காட்டினேன். வலது கோடியில் வெள்ளை வட்டம் காலியாக இருந்தது. அவர் போய் மாட்டினார். மாட்டிவிட்டு, "அ ஸா ப்ளாஸ்" என்று மெதுவாகச் சொன்னார்.

"ஆமாங்க, சப்ளாஸ்தான்" என்றேன். "அப்பா வச்ச பேருங்க இந்தப் பலகைக்கு."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்புறம்தான் விளக்கினார். அது பலகையின் பேரே இல்லையாம். 'அதோட எடத்துல' என்று அர்த்தமாம்.

இதைக் கேட்டுவிட்டு நான் பேரை மாற்றிவிடுவேனா? பிரெஞ்சுக்காரன் ஒரு பேச்சை விட்டுவிட்டுப் போனான். அதைப் பிடித்து ஒரு பொருளுக்குப் பேராக வைத்தவன் மூன்றாவது படித்த நான். நெடுங்காட்டில் என் சம்பந்தி மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஒரு பலகை அடித்து, அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் வெள்ளை நிழல் போட்டு வைத்திருக்கிறார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அவர் ஆளைப் பார்த்துப் போட்ட சத்தம் என் காதில் தேனாகப் பாய்ந்தது:

"அருவாளை எங்கடா போட்டே? சப்ளாஸ்! சப்ளாஸ்!"